ஒரே ஆண்டு, இரண்டு திகதி: 1978ஆம் ஆண்டுப் படங்களை மலையகத்தில் திரும்பிப் பார்க்கும் முறை

ஓர் ஆண்டை எடுத்து அதன் படங்களை வரிசையாகத் திரும்பப் பார்க்க, சென்னையில் இருப்பவருக்கு ஒரு கலண்டர் போதும். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருப்பவருக்கு இரண்டு வேண்டும். படம் சென்னையில் வெளியான திகதி ஒன்று. அது நம் டவுன் தியேட்டருக்கு வந்து சேர்ந்த திகதி இன்னொன்று. முதல் திகதி எங்கும் கிடைக்கும். இரண்டாவது, பழைய பத்திரிகையின் விளம்பரப் பக்கத்திலும் அந்தப் படத்தைப் பார்த்தவர்களின் வாயிலும் மட்டுமே இருக்கிறது. அவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். ஆகவே படம் போடுவதற்கு முன்னரே அவர்களிடம் போக வேண்டும். இங்கே சொல்லப்படும் வேலை முழுவதும் அந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. ஒரு வாசகசாலையோ இளைஞர் மன்றமோ நாலைந்து பேராகச் சேர்ந்து மூன்று மாதத்தில் இதைச் செய்து முடிக்கலாம்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட ஆண்டு 1978. காரணம் இருக்கிறது. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்து முடித்த கடைசிப் படம் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ அந்த ஆண்டுப் பொங்கலுக்கு, ஜனவரி 14 அன்று, வெளியானது. அதே ஆண்டில்தான் ரஜினி தனி நாயகனாக ‘பைரவி’யில் வந்தார். ராதிகா ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானார். மகேந்திரனும் ருத்ரையாவும் தத்தம் முதல் படத்தை எடுத்தார்கள். ஒரு காலம் முடிவதும் இன்னொன்று தொடங்குவதும் ஒரே பன்னிரண்டு மாதத்துக்குள் அடங்கிய ஆண்டு அது. இலங்கையில் அப்போது டீவி கிடையாது. ஐ.டி.என். 1979இலும் ரூபவாஹினி 1982இலும்தான் வந்தன. படம் என்றால் தியேட்டர், பாட்டு என்றால் ரேடியோ. அதனால் நினைவுகள் ஒன்றோடொன்று அதிகம் கலக்காமல் இருக்கின்றன. வேறு ஆண்டைத் தேர்ந்தாலும் முறை இதேதான்.

முதலில் ஒரு கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, ஒரு படத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது நிரலில் சென்னைத் திகதி, இயக்குநர், இசை, நடித்தவர்கள். வலது நிரலில் இங்கே எந்தத் தியேட்டரில், எப்போது, எத்தனை நாள் ஓடியது. இடது நிரலைப் பேனாவாலும் வலது நிரலைப் பென்சிலாலும் எழுதுங்கள். வலது நிரல் பலமுறை மாறும்.

இடது நிரலில் அதிகம் நடக்கும் பிழை, முன்பின் ஆண்டுப் படங்கள் உள்ளே நுழைவது. ‘16 வயதினிலே’ 1977 செப்டெம்பர். ‘உதிரிப்பூக்கள்’, ‘புதிய வார்ப்புகள்’, ‘நினைத்தாலே இனிக்கும்’ மூன்றும் 1979. எல்லாரும் இவற்றை ஒரே மூச்சில் சொல்வதால் ஒரே ஆண்டு என்று தோன்றும். இன்னொரு பொறி, தணிக்கைச் சான்றிதழில் இருக்கும் திகதி. படம் தொடங்குமுன் வரும் அந்தச் சான்றிதழ், தணிக்கை முடிந்த நாளைத்தான் காட்டும். டிசம்பரில் சான்றிதழ் வாங்கிய படம் அடுத்த பொங்கலுக்கு வெளியாகியிருக்கலாம். ஆண்டு என்று கொள்ள வேண்டியது திரைக்கு வந்த நாள். இதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யாவிட்டால் கடைசிவரை வாதம் ஓயாது.

வலது நிரலுக்கு முதல் இடம் பழைய வீரகேசரி, தினகரன். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் கட்டி வைத்த தொகுதிகளைப் பார்க்கலாம். போவதற்கு முன் என்ன தேவை என்று எழுதிக்கொண்டு போங்கள். 1978 மட்டும் பார்த்தால் போதாது. 1979, 1980, 1981 தொகுதிகளையும் புரட்ட வேண்டும். 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில்தான் வெளிநாட்டுப் பட இறக்குமதி முழுவதும் இருந்தது. படங்களின் எண்ணிக்கைக்கும் அளவு இருந்தது. ஆகவே சென்னையில் வெளியான ஆண்டிலேயே படம் இங்கு வந்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது. ‘இன்று முதல்’ என்ற சொல் உள்ள விளம்பரத்தை மட்டும் தொடக்கத் திகதியாக எடுங்கள். ‘வெற்றிகரமான 3ஆவது வாரம்’ என்று இருந்தால் பின்னோக்கிக் கணக்கிடலாம். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் தியேட்டர் பெயர்களையும் விடாமல் எழுதுங்கள். கண்டி, பதுளை, ஹட்டன், நுவரெலியா தியேட்டர்கள் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

பெரியவர்களிடம் கேட்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான். அவசரப்பட்டால் கெடும்.

“எந்த வருசம் பாத்தீங்க?” என்று கேட்டால் கிடைக்கும் பதில், “அது ஆச்சு நாப்பது அம்பது வருசம்” என்பதுதான். அவர்கள் ஆண்டை எண்ணால் வைத்திருப்பதில்லை, நடந்தவற்றால் வைத்திருக்கிறார்கள். ஆகவே கேள்வியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

“தாத்தா, அந்தப் படம் பாக்க டவுனுக்கு நடந்தா போனீங்க, பஸ்ஸிலயா?”

“பஸ் ஏது, குறுக்குல எறங்கி நடந்துதான்.”

“அப்ப மாமா பொறந்திருந்தாரா?”

“பொறந்து தோள்ல தூக்கிட்டுப் போனேன். பாதிப் படத்துல அழுது, வெளிய வந்து நின்னேன்.”

மாமாவின் பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கும். தோளில் தூக்கும் வயது, படத்தில் அழும் வயது என்று பார்த்தால் ஓர் ஆண்டுக்குள் வந்துவிடலாம். பிள்ளையின் பிறப்புக்கு அடுத்து, எல்லோருக்கும் பொதுவான சில அடையாளங்கள் உண்டு. தோட்டம் வெள்ளைக்காரக் கம்பனியிலிருந்து அரசாங்கத்தின் கைக்குப் போன 1975. ரூபவாஹினி வந்த 1982. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் (தோட்டப் பேச்சில் ‘பேர்’) ஆன 1984. தோட்டங்களை நடத்திய அரச சபையான ஜனவசம போய்த் திரும்பவும் கம்பனி வந்த 1992. “டீவி வந்திருச்சா அப்ப?”, “பேர் ஒண்ணா வந்த பொறகா, முன்னயா?” என்று இவற்றின் இடையே படத்தை வைத்துப் பாருங்கள். பெண்களிடம் சம்பளக் கேள்வி மிக நன்றாக வேலை செய்யும். படத்துக்குப் போகக் கையில் காசு இருந்ததா என்பதை யாரும் மறப்பதில்லை.

தமிழருக்கு எதிரான 1977 ஓகஸ்ட், 1983 ஜூலைக் கலவரங்கள் இரண்டும் வலுவான அடையாளங்கள்தான். ஆனால் அவற்றை நீங்களாக எடுக்காதீர்கள். அவர்களே “கலவரத்துக்கு முந்தி” என்று தொட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குப் போன உறவுகளைப் பற்றியும் அப்படியே. தலைமன்னாரில் கப்பலேறிய அக்காவோடு பார்த்த கடைசிப் படம் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் படத்தின் பெயரைத் திருத்தப் போகாதீர்கள். அன்று அவர் சொல்வது முழுவதையும் கேட்டுவிட்டு, இன்னொரு நாள் போய்த் திகதியைச் சரிபாருங்கள்.

எங்கே பார்த்தார்கள் என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். தியேட்டரிலா, திருவிழாவுக்கு வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துக் கோயில் முன்னால் போட்டபோதா, லொறி பெட்டரியில் ஓடிய டீவியிலா? எண்பதுகளில் டெக்கில் பார்த்ததைத் தியேட்டர் நினைவாகச் சொல்வது சாதாரணம். பொய் சொல்வதில்லை, பாட்டை முன்னரே ரேடியோவில் நூறு தடவை கேட்டிருந்ததால் படத்தையும் அப்போதே பார்த்தது போல மனதில் பதிந்துவிடுகிறது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் கே.எஸ். ராஜாவின் குரலில் படத்தின் துண்டுகளைக் கேட்டே கதையைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவற்றையும் எழுதுங்கள், ‘ரேடியோ’ என்று குறித்து. திரையைப் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: “பெஞ்சியா, கதிரையா? எந்தப் பக்கம் ஒக்காந்தீங்க?” தியேட்டரில் பார்த்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

ஒவ்வொரு வலது நிரலுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். பத்திரிகை விளம்பரத்தில் கண்டது ‘அ’. ஒருவரையொருவர் சந்திக்காத இரண்டு பேர் ஒரே காலத்தைச் சொன்னது ‘ஆ’. ஒருவர் மட்டும் சொன்னது ‘இ’. ‘இ’ என்பதைப் பின்னால் ‘அ’ போல மேற்கோள் காட்டிவிடக் கூடாது. அதற்குத்தான் இந்த எழுத்து.

பதிவு செய்ய ஃபோன் போதும். பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், துணி மடித்து அதன்மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம் குரலை மூடும். ஃப்ளைட் மோட் போட்டுவிடுங்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்து வீட்டு டீவிதான் பெரிய இடைஞ்சல். காம்பிராக்களுக்கு இடையே சுவர் மேலே வரை இராது. காலை வேலை நேரத்தில் போனால் லைன் அமைதியாக இருக்கும். ஓய்வு பெற்றவர்களும் வீட்டில் இருப்பார்கள். ஒரு நிமிடம் பேசவைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பதிவு செய்வதையும் யார் கேட்கப் போகிறார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 40 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.

எந்தப் படங்களைப் போடுவது

ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஆறு படம். அதற்கு மேல் ஆட்கள் தொடர்ந்து வருவது கடினம். ‘சிறந்த ஆறு’ என்று தேட வேண்டாம். சிறந்தவற்றை மட்டும் அடுக்கினால் ஆண்டின் முகம் தெரியாது. அந்த ஆண்டில் ஒன்றோடொன்று மோதிய விடயங்கள் தெரியும்படி எடுங்கள்.

எங்கள் தெரிவு இது. தொடக்கம் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’. அரசன், வாள், மேடைத் தமிழ். அடுத்த வாரமே ‘கிழக்கே போகும் ரயில்’. ஒகஸ்ட் 10 அன்று வந்த அந்தப் படத்தில் கிராமத்து மண்ணும் கிராமத்துப் பேச்சும். இரண்டையும் ஏழு நாள் இடைவெளியில் பார்ப்பவருக்கு, அந்த ஆண்டில் என்ன மாறியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது ‘முள்ளும் மலரும்’. ஒகஸ்ட் 15. ஒளிப்பதிவு, மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. மலையகத்தில் இந்தப் படத்துக்கு வேறெங்கும் இல்லாத பார்வையாளர் உண்டு. நாயகன் காளி மலைச்சரிவில் விஞ்ச் இயக்குபவன். காசல்ரீ, மவுசாக்கலை அணைகளையும் லக்சபான மின்நிலையத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், மேல் மலையிலிருந்து கொழுந்துச் சாக்கு கம்பியில் இறங்கியதைக் கண்டவர்களுக்கும் அது அறிந்த வேலை. மேலதிகாரிக்கும் தொழிலாளிக்கும் இடையில் வரும் மரியாதைச் சண்டையும் அறிந்ததே. படம் முடிந்ததும் “காளி செய்தது சரியா?” என்று மட்டும் கேளுங்கள். துரைமாரிடம் வேலை செய்தவர்கள் ஒரு மாதிரியும் அவர்களின் பேரப்பிள்ளைகள் வேறு மாதிரியும் பேசுவார்கள். இந்தப் படத்துக்குப் பேச்சு நேரத்தை இரட்டிப்பாக ஒதுக்குங்கள்.

நான்காவது ‘அவள் அப்படித்தான்’. தீபாவளியை ஒட்டி ஒக்டோபர் 30இல் வந்தது. கறுப்பு வெள்ளை. முதலில் ஓடாத படம், பின்னால் உயர்ந்த படம். சிறுபிள்ளைகளை அழைத்துவரும் படமல்ல என்று அறிவித்தலில் சொல்லிவிடுங்கள். ஐந்தாவது, அதே தீபாவளிக்கு வந்த ‘பைலட் பிரேம்நாத்’. சிவாஜியும் மாலினி பொன்சேகாவும் நடித்த இலங்கை - இந்தியக் கூட்டுத் தயாரிப்பு. சினிமாவாக மற்றவற்றுக்குப் பக்கத்தில் நிற்காது என்பதே எங்கள் கருத்து. ஆனால் இலங்கையை அந்தக் கால வண்ணத்தில் காட்டுவதால், இடங்களை அடையாளம் காணவே கூட்டம் கடைசிவரை இருக்கும். ஆறாவது, அதே ஆண்டு சுமித்ரா பீரிஸ் இயக்கிய சிங்களப் படம் ‘கெஹெனு லமாய்’. அதே டவுனில், அதே ஆண்டில், பக்கத்துக் கிராமத்தார் பார்த்தது என்ன என்று தெரியாமல் அந்த ஆண்டு முழுமை பெறாது. தமிழ் வசனவரி இல்லாத பிரதி என்றால், சிங்களம் தெரிந்த ஒருவர் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திக் கதையைச் சொல்லட்டும். படம் ஓடும்போதே பேசி மொழிபெயர்த்தால் யாருக்கும் எதுவும் கேட்காது.

பிரதியைச் சோதிப்பது

அனுமதி முதலில். 1978 படம் எதுவும் இன்னும் பொதுவுடைமை ஆகவில்லை. இலங்கைச் சட்டத்திலும் இந்தியச் சட்டத்திலும் உரிமை உயிரோடு இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் காட்டினாலும் மண்டபத்தில் காட்டுவது பொதுக் காட்சிதான். உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். உள்ளூர் அனுமதிக்கு என்ன வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வெளியே ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸ் அனுமதியும் வேண்டும். பதில் வராத படத்துக்கு வேறு வழி உண்டு. உரிமையாளரே இணையத்தில் ஏற்றியிருந்தால் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, ஞாயிறு மண்டபத்தில் பேச மட்டும் கூடலாம். அப்படி நடத்தும் கூட்டம் சில நேரம் படம் போட்டதைவிட நன்றாக அமையும், எல்லாரும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு வருவதால்.

பிரதி கிடைத்ததும் முழுவதையும் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். முதலில் நீளம். தணிக்கைச் சான்றிதழ் தெரிந்தால் அதில் படத்தின் நீளம் மீற்றரில் இருக்கும். 35 மில்லிமீற்றர் படச்சுருள் ஒரு நிமிடத்துக்கு 27.4 மீற்றர் ஓடும். 3,900 மீற்றர் என்று இருந்தால் 27.4ஆல் வகுங்கள்: 142 நிமிடம். கையில் உள்ள பிரதி 118 நிமிடம் என்றால் இரண்டு மூன்று பாட்டும் ஒரு நகைச்சுவைத் துண்டும் வெட்டுப்பட்டிருக்கின்றன. டீவியில் பதிந்த பிரதிகளில் இது வழக்கம்.

வகுத்துப் பார்க்கும்போது ஒரு சிறு விலகல் வரும். படச்சுருள் நொடிக்கு 24 படம். நம் நாட்டு டீவி முறை 25. அந்த முறையில் மாற்றிய பிரதி நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடும். 140 நிமிடப் படம் 134 நிமிடத்தில் முடிந்துவிடும். அதை வெட்டு என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் இதில் இன்னொரு சேதம் உண்டு: சுருதி ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் உயர்ந்துவிடும். ஜேசுதாசின் குரல் மெலிந்து கேட்கும். ரேடியோவில் அந்தப் பாட்டோடு வாழ்ந்தவர்கள் “என்னமோ மாதிரி இருக்கே” என்பார்கள். அவர்கள் காது சரி. கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அத்துடன் ஒலி அமைப்பில் வேகம் மாறினாலும் சுருதியைக் காக்கும் தெரிவை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி உயர்ந்தபடியே நிற்கும்.

அடுத்து உருவ அளவு. அந்த ஆண்டுத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை சினிமாஸ்கோப் அல்ல, ஏறக்குறைய பழைய டீவியின் 4:3 சட்டம். அகலத் திரைக்கு இழுத்த பிரதியில் முகங்கள் உப்பியிருக்கும். சோதிக்க எளிய வழி: கிட்டத்தில் காட்டும் ஒரு குங்குமப் பொட்டைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் படுத்த முட்டை போல இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. விஎல்சியில் சட்ட விகிதத்தை 4:3 ஆக்கினால் சரியாகும். மேலும் கீழும் வெட்டி அகலமாக்கிய பிரதியாக இருந்தால் எதுவும் செய்ய முடியாது. தலை வெட்டுப்பட்டே தெரியும்; வேறு பிரதி தேடுங்கள்.

ஒலி ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வருகிறதா என்றும் பாருங்கள். பழைய ஒலித்தடம் ஒற்றைத் தடம். மாற்றும்போது ஒரு பக்கத்தில் மட்டும் ஏறிய பிரதிகள் நிறைய. மோனோ ஆக்கினால் இரு பக்கமும் வரும்.

மண்டபமும் மழையும்

காலத்தை வானிலை பார்த்தே வையுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தகரக் கூரையில் அது விழுந்தால் எந்த சவுண்ட் செட்டும் தோற்கும். அங்கே ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் நடுவரை நல்லது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் டிசம்பர், ஜனவரி மழையைத் தவிர்த்து ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் எங்கும் பின்னேர இடிமழை இருப்பதால் காலை 9.30க்குத் தொடங்குங்கள். போயா விடுமுறையில் கூட்டம் வரும் என்று தோன்றும்; பன்சலையில் (பௌத்த விகாரையில்) ‘பண’ எனும் பிரசங்கம் ஓதும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மண்டபம் என்றால் வேண்டாம்.

மல்டிமீடியா (புரொஜெக்டர்) 3,000 லூமென் இருந்தால், நன்றாக இருட்டிய அறையில் 8 அடி அகலத் திரைக்குப் போதும். சாதாரண அலுவலக மல்டிமீடியாவைத் திரையின் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரத்தில், அதாவது 12 முதல் 16 அடியில், வைக்க வேண்டியிருக்கும். யன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் இரண்டு மடிப்பு. திரைக்கு இரண்டு பெட்சீட்டைச் சேர்த்துத் தைக்காதீர்கள். தையல் எல்லா முகத்தையும் பிளக்கும். வெள்ளையடித்த வழவழப்பான சுவர் அதைவிட மேல். துணிதான் என்றால் ஒரே அகலத் துணி, கீழ் மடிப்பில் ஒரு குழாயைச் செருகிப் பாரம் கொடுங்கள். சுருக்கம் போகும்.

நுவரெலியாக் குளிரில் வானில் கொண்டுவந்த மல்டிமீடியாவை, ஆட்கள் நிறைந்து சூடான மண்டபத்தில் உடனே திறந்தால் கண்ணாடியில் பனி படியும். படம் மங்கும், ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று எல்லாரும் திருகுவார்கள். பையை மூடியபடியே அரை மணி நேரம் மண்டபத்துக்குள் வையுங்கள். சட்டை நுனியால் துடைக்க வேண்டாம், கீறல் விழும்.

கரண்ட் அடுத்த தொல்லை. பழைய தோட்ட மண்டபங்களில் உருண்டை முள் ப்ளக் பொயின்ட் இருக்கும். மல்டிமீடியா வயர் சதுர முள்ளோடு வரும். அடப்டர் இரண்டு கையில் வைத்திருங்கள். மின்குமிழ் உள்ள மல்டிமீடியாவுக்குத் திடீரென்று கரண்ட் போனால் விசிறியும் நின்று குமிழின் ஆயுள் குறையும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால், ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். அதை ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், தாங்காது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் லெப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரணம். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல், உட்கார்ந்திருப்பவரின் தலைக்குச் சற்று மேலே, திரையின் இரு பக்கமும் வையுங்கள். பேஸைக் குறைத்தால் வசனம் தெளியும்.

இடைவேளைக்கு 40 பேருக்கு பிளேன்டீ என்றால் 6 லீற்றர் தண்ணீர், 90 கிராம் தேயிலைத்தூள், 100 கிராம் இஞ்சி, அரைக் கிலோ சீனி. சீனியைத் தனியாக வையுங்கள், பெரியவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை.

பிரதி இல்லாத படத்துக்கு ஒரு மாலை

1978இல் இலங்கையிலேயே எடுத்த தமிழ்ப் படங்களும் திரைக்கு வந்தன. செங்கை ஆழியானின் நாவலைப் பிரேம்நாத் மொராயஸ் இயக்கிய ‘வாடைக்காற்று’ அவற்றில் ஒன்று. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் நடித்துத் தயாரித்த ‘நான் உங்கள் தோழன்’ இன்னொன்று. இவற்றின் நல்ல பிரதியைத் தேடினால் கை வெறுமையாகவே திரும்பும். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அந்த நாட்களில் பல தமிழ்ப் படச்சுருள்களும் சாம்பலாயின. பிரதி இல்லை என்பதற்காக இவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் ஆண்டு பாதியாகிவிடும். ஏழாவது ஞாயிறு ஒன்றை இவற்றுக்குக் கொடுங்கள்.

திரையைக் கட்டுங்கள், மல்டிமீடியாவில் பட விளம்பரத்தின் படத்தை மட்டும் போட்டு வையுங்கள். படத்தைப் பார்த்த மூன்று பேரை முன்னால் உட்கார வைத்து, ஒருவர் கதையின் தொடக்கம், ஒருவர் நடு, ஒருவர் முடிவு என்று சொல்லட்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் “அப்படி இல்ல, அவ முதல்ல வந்தா” என்று திருத்துவார், திருத்தவிடுங்கள். இரண்டு பேர் கொப்பியில் எழுத வேண்டும். ஒருவர் சொன்னதை அப்படியே, இன்னொருவர் மாறுபட்ட இடங்களை மட்டும். ‘வாடைக்காற்று’க்கு நாவல் கிடைப்பதால், பேசியவர்கள் நிறுத்திய இடத்தில் நாவலின் அந்தப் பகுதியை ஒருவர் வாசிக்கட்டும். நாவலை முதலில் வாசித்துவிடாதீர்கள். கேட்டவுடன் படத்தின் நினைவு நாவலின் சாயலுக்கு மாறிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ‘நான் உங்கள் தோழன்’ பற்றி எழுத்தில் கிடைப்பது குறைவு. அதனால் மண்டபத்தில் சொல்லப்படும் ஒரு காட்சிகூட முழுப் பக்கத்துக்கு உரியது. எந்த வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் யார், எந்த இடத்தில் கைதட்டினார்கள் என்பது வரை எழுதுங்கள்.

கொண்டுவரும் காகிதங்கள்

இந்தக் கூட்டங்கள் தொடங்கியதும் பெட்டியடியிலிருந்து பாட்டுப் புத்தகம், டிக்கெட் துண்டு, நோட்டீஸ், கெசட் எல்லாம் வெளியே வரும். வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயே படம் பிடித்துக் கையில் திருப்பிக் கொடுங்கள். யன்னலுக்குப் பக்கத்தில், நேர்வெயில் படாத வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், ஃபோனைக் காகிதத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பாட்டுப் புத்தகத்தின் மடிப்பை அழுத்தித் திறக்க வேண்டாம். அந்தத் தாள் உக்கிப் பிஸ்கட் போல முறியும். துருப்பிடித்த பின்னைப் பிடுங்காமல், பின்பக்கக் கால்களை நிமிர்த்திவிட்டு மெல்ல எடுங்கள். செலோடேப் ஒட்டுவதும் லெமினேட் செய்வதும் கெடுதி. பூஞ்சணம் பிடித்திருந்தால் வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி வைத்தால் உள்ளே இறங்கும்.

கெசட்டை நேராக டெக்கில் போட்டுவிடக் கூடாது. மலைக் காற்றின் ஈரத்தில் சுற்றுகள் ஒட்டியிருக்கும். பென்சிலைச் செருகிச் சில சுற்று கையால் சுற்றிப் பார்த்து, இலகுவாக ஓடினால் மட்டும் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் பதிவு செய்யுங்கள். அழுத்தும் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மந்தமாகவே வரும். வேறு கெசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடமே ஆகும், வேகமாக எடுக்க வழியில்லை. ரேடியோவிலிருந்து பதிந்த கெசட் என்றால் பாட்டுக்கு இடையிலுள்ள அறிவிப்பாளர் குரலை வெட்டாதீர்கள். நேரம் சொல்வது, விளம்பரம், வாழ்த்துப் பெயர்ப்பட்டியல் எல்லாம் வலது நிரலுக்கான சான்று.

கோப்புகளுக்கு ஒரே மாதிரிப் பெயர் வையுங்கள்: ஆண்டு, படம், தோட்டம், பதிந்த திகதி. ஆளின் பெயரைக் கோப்பின் பெயரில் வைக்க வேண்டாம்; அது கொப்பியில் இருந்தால் போதும். ஒரு பிரதி வாசகசாலைக் கணினியில், இன்னொன்று வேறு வீட்டில் ஹார்ட்டிஸ்கில். பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏழு ஞாயிறும் முடிந்தபின் கொப்பியை மண்டப மேசையில் ஒரு மாதம் திறந்து வையுங்கள், ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டி. கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் தனியாக வந்து வலது நிரலில் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தக் கையெழுத்தை அழித்துத் திருத்தி எழுதாதீர்கள். பக்கத்தில் ‘இ’ போட்டுவிடுங்கள்.